சூரன் என்னைத் தூக்கிக்கொண்டு போன நாள்

நான் இன்று உயிரோடு இருப்பதற்குச் சூரனுக்குத்தான் முதலில் நன்றி சொல்ல வேண்டும். முருகனுக்குச் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. அதைச் சொல்லிமுடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சாவகச்சேரியிலிருந்து உள்ளே போகிற ஒரு சின்னக் கிராமம். ஊருக்கு நடுவில் ஒரு முருகன் கோயில். அந்தக் கோயிலின் பரிபாலன சபைக்குப் பதினொரு வருடமாக நான்தான் செயலாளர். பகலில் அரசாங்கக் கந்தோரில் உத்தியோகம். பழைய மாணவர் சங்கத்தில் ஒரு பதவி. மரண உதவிச் சங்கத்தில் பெயருக்கு ஆலோசகர். ஊரில் யாராவது கண்ணை மூடினால் பந்தலுக்கும் கதிரைக்கும் ஓடுகிறவர் என்று அதற்கு அர்த்தம். கையில் இரண்டு கைபேசி. இரண்டும் ஒரே நேரத்தில் அடித்தால் எனக்கு ஒரு பெருமை வரும், அதை இப்போது வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். வயது ஐம்பத்துநான்கு. ஊரில் பாதிப்பேருக்கு என் பெயரே மறந்துபோயிருந்தது. 'செயலாளர்' என்றால்தான் தெரியும்.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, எனக்கு ஏழெட்டு வருடமாக இருக்கிறது. மாதம் ஒருதரம் கிளினிக்குக்குப் போய்க் குளிசை, அதாவது மாத்திரை, எடுக்கவேண்டும். அங்கே வரிசையில் குந்திக்கொண்டிருக்க எனக்கு எங்கே நேரம்? கிளினிக் கொப்பியை மனைவி பத்மாவிடம் கொடுத்து அனுப்பிவிடுவேன். "ஆள் சுகமாய் இருக்கிறார் எண்டு சொல்லிக் குளிசையை வாங்கிக்கொண்டு வாரும்" என்பேன். பத்மாவும் போய், பொய் சொல்கிறோமே என்று கூசிக்கொண்டு நின்று, வாங்கி வருவாள். இரத்தம் சோதிக்க நானே வரவேண்டும் என்று இரண்டுமுறை கொப்பியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். அதை நான் வாசிக்கவில்லை. குளிசையை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை. அதில் நான் வலு கெட்டிக்காரன்.

போன கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடித்தேன். பகல் முழுவதும் தண்ணீர், இரவில் ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும். ஆறாம் நாள் அதுவும் இல்லை. பக்தியால் பிடித்தேன் என்று சொன்னால் அது பொய். செயலாளர் விரதம் பிடிக்காவிட்டால் சனம் என்ன சொல்லும் என்று பிடித்தேன். செய்யவேண்டிய நூறு வேலைக்குள் அது நூற்றியோராவது வேலை. காலையும் மாலையும் குளிசையை மட்டும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு ஓடினேன்.

ஆறாம் நாள் பின்னேரம் சூரன் போர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரத்தால் செய்த பெரிய சூரனை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் வெளிவீதியெல்லாம் ஓடுவார்கள். எதிரில் முருகன் வேலோடு வருவார். ஒவ்வொரு சுற்றுக்கும் சூரனுக்குத் தலை மாற்றுவார்கள். யானைத்தலை, சிங்கத்தலை என்று போய், கடைசியில் மாமரமாக நின்று, சேவலும் மயிலுமாகி அடங்குவான். அந்தத் தலைகள் எல்லாம் களஞ்சிய அறையில் பூட்டிக் கிடக்கும். திறப்பு என் இடுப்பில் இருக்கும்.

எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். ஜெனரேட்டருக்கு எண்ணெய் விட்டுவிட்டார்களா என்று கேட்டேன். களஞ்சிய அறைப் பூட்டுக்குள் திறப்பைப் போடப் போனேன், போடமுடியவில்லை. கை நடுங்கியது. வேர்வை ஊற்றியது. மழைக்கு முந்திய புழுக்கம் என்று நினைத்தேன். தவில் சத்தம் தூரத்தில் எங்கேயோ கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கனவுகூட இல்லை.

கண் விழித்தபோது மேலே ஒரு மின்விசிறி சுற்றியது. நான் கேட்ட முதல் கேள்வி, "சூரனுக்கு மாமரம் பூட்டியாச்சோ?"

கட்டில் பக்கத்தில் கேதீஸ் நின்றான். கேதீஸ் மேசன் வேலை செய்கிறவன், முப்பத்தைந்து வயதிருக்கும். சூரனுக்குக் கீழே நின்று தூக்கி ஆட்டுகிற முக்கியமான ஆள் அவன்தான். இடுப்பில் சிவப்புத் துண்டு கட்டியபடி, உடம்பெல்லாம் புழுதியோடு நின்றான். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"அண்ணை, சூரனை விடுங்கோ. உங்களுக்கு இப்ப ஆளைத் தெரியுதோ?"

"கேதீஸ்தானே. ஏன்?"

அவன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான்.

நடந்ததைப் பிறகு அவன்தான் சொன்னான். நான் களஞ்சிய அறைக்கு முன்னால் நின்று ஆடத் தொடங்கினேனாம். தலை ஒரு பக்கம் சரிய, கண் மேலே செருக, கை கால் உதற, வாயில் ஏதோ முணுமுணுப்பு. பக்கத்தில் நின்ற ஒரு பொம்பிளை "அரோகரா" என்றிருக்கிறா. உடனே சனம் திரும்பியிருக்கிறது. செயலாளருக்குக் கலை வந்துவிட்டது. கலை வருவது என்றால் எங்கள் பக்கத்தில் தெய்வம் ஆளின் மேல் இறங்கி ஆடுவது. பதினொரு வருடம் கோயிலுக்காக ஓடித்திரிந்த மனிசன், முருகன் சும்மா விடுவாரா என்று ஆளுக்கு ஆள் சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் மாலை விழுந்திருக்கிறது. தலையில் மஞ்சள் தண்ணீர். தவில்காரர் இரண்டுபேர் வந்து என்னைச் சுற்றி நின்று இன்னும் வேகமாக அடித்திருக்கிறார்கள், ஆட்டம் நன்றாக ஏறட்டும் என்று. இருபது நிமிடம். நான் செத்துக்கொண்டிருந்தேன், சனம் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

ஒருவரிலும் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. வேறு ஒருவன் அப்படி ஆடியிருந்தால் நானே முதல் ஆளாகக் கற்பூரம் கொளுத்தியிருப்பேன்.

"உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேதீஸைக் கேட்டேன்.

"அம்மாக்கும் சீனி, அண்ணை. ரெண்டுதரம் இப்பிடி வந்தது. நான் சூரனுக்குக் கீழை நிண்டு பாத்தன். உங்கடை நெஞ்சாலை தண்ணி ஓடுது. கலை வந்தவன் ஆடித்தான் வேர்ப்பான். நீங்கள் வேர்த்துப்போட்டு ஆடினீங்கள்."

அவன் சூரனை நடுவீதியில் நிலத்தில் வைத்துவிட்டான். போர் நடக்கும்போது சூரனை நிலத்தில் வைப்பது எங்கள் கோயிலில் நடக்காத காரியம். முருகன் எதிரில் வேலோடு நிற்க, சூரனைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அர்ச்சனைத் தட்டில் இருந்த பஞ்சாமிர்தத்தை விரலால் வழித்து என் வாய்க்குள், கன்னத்து உட்பக்கம் பூசியிருக்கிறான். யாரோ அவன் கையைப் பிடித்து, "விரதக்காரனடா" என்று கத்தியிருக்கிறார். "விரதம் போனாப் பேந்து பிடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடியிருக்கிறான். சாவகச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் "நீர் இவருக்கு என்ன முறை?" என்று கேட்டதற்கு, "நான் சூரன்" என்றானாம். பதற்றத்தில் அவனுக்கு வேறு ஒன்றும் வரவில்லை.

விரலில் குத்திப் பார்த்தபோது சீனி இருபத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நாளத்துக்குள் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் நான் மாமரத்தைக் கேட்டிருக்கிறேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அரைமணித்தியாலத்தில் சீனி மறுபடியும் விழுந்தது. அம்புலன்ஸில் ஏற்றி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் பத்மா இருந்தாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு சட்டென்று வேறெங்கோ பார்ப்பாள். பயம் என்று நினைத்தேன்.

பெரியாஸ்பத்திரி வாட்டில் என்னைப் பார்த்த டொக்டர் ஒரு இளம் பெண். சத்தம் போடாமல் கதைத்தா. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

"விரதத்துக்குச் சாப்பாட்டை விட்டனீங்கள். குளிசையை ஏன் விடேல்லை?"

"குளிசையை ஒருநாளும் விடக்கூடாது எண்டு கிளினிக்கிலை சொன்னவை."

"சாப்பிடாமல் போடச் சொன்னவையோ?"

அவ என் கிளினிக் கொப்பியைப் புரட்டினா.

"கடைசியா நீங்கள் கிளினிக்குக்கு எப்ப வந்தனீங்கள்?"

கொப்பியில் மாதம் தவறாமல் திகதி விழுந்திருந்தது. பத்மா நிலத்தைப் பார்த்தாள். "நான்தான் டொக்டர் போறனான்" என்று அவள் சொன்னபோது, என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அவள் முகம் சுருங்கியது. காட்டிக்கொடுக்க வேண்டிய ஆளை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறாள்.

டொக்டர் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும். நான் போட்ட குளிசைக்கு நாம் சாப்பிட்டோமா இல்லையா என்பது தெரியாது. அது வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்கவைக்கும். இன்சுலின் இரத்தத்தில் இருக்கிற சீனியை இறக்கும். சாப்பிட்டிருந்தால் இறக்கச் சீனி இருக்கும். சாப்பிடாவிட்டால் மூளைக்கு வேண்டிய சீனியையும் சேர்த்து இறக்கும். மூளைக்குச் சீனி போகாவிட்டால் ஆள் தடுமாறுவான், வேர்க்கும், நடுங்கும், உளறுவான், பிறகு விழுவான். வழக்கமாகக் குளிசையின் வேகம் ஒருநாளில் அடங்கும். எனக்கு அடங்கவில்லை, ஏனென்றால் அதைக் கழித்து வெளியே அனுப்ப வேண்டிய சிறுநீரகம் இரண்டும் பழுதாகத் தொடங்கியிருந்தது. கிரியேட்டினின் என்று ஒரு சோதனை. கழிவு எவ்வளவு இரத்தத்திலேயே தங்கியிருக்கிறது என்று அது காட்டும். என்னுடையது இருக்கவேண்டியதை விட இரண்டு மடங்குக்கு மேல்.

"இது நேத்து முந்தநாள் வந்ததில்லை" என்றா டொக்டர். "நீங்கள் வந்திருந்தா ஒரு வருசத்துக்கு முன்னமே கண்டிருப்பம்."

நான் வந்திருந்தால். கோயிலிலிருந்து கிளினிக் இருபது நிமிடப் பாதை.

முதல் இரண்டு நாளும் கையில் குளுக்கோஸ் ஏறியபடி கிடந்தேன். மணித்தியாலத்துக்கு ஒருமுறை நேர்ஸ் மிஸி வந்து விரலில் குத்துவா. பத்து விரலும் நொந்தது. எழுபத்தைந்து, ஐம்பத்தெட்டு, தொண்ணூறு, மறுபடியும் இறங்கி ஐம்பது. ஐம்பது என்றால் எல்லோரும் ஓடிவருவார்கள். தூங்கப் பயம். தூங்கினால் விழிப்பேனா என்ற பயம். கைபேசி இரண்டையும் பத்மா தன் கைப்பைக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். கேட்டால், "சார்ஜ் இல்லை" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல நான்தானே பழக்கினேன்.

மூளைக்கு ஏதும் நடந்திருக்குமோ என்று எனக்குப் பெரிய பயம். என்னையே சோதித்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் வாய்ப்பாடு வந்தது. சபை அங்கத்தவர் பெயர் ஒழுங்காக வந்தது. ஜெனரேட்டர்காரனின் தொலைபேசி இலக்கம்கூட வந்தது. சரி, சின்ன வயதில் ஐயா மடியில் வைத்துப் பாடமாக்கிய ஒரு தேவாரத்தைச் சொல்லிப் பார்ப்போம் என்று தொடங்கினேன். முதல் வரி வந்தது. இரண்டாம் வரி வரவேயில்லை. மிஸியைக் கூப்பிட்டேன். அவ குத்திப் பார்த்தா. நூற்றிப்பத்து. சீனியில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தேவாரத்தை நான் பாடி எத்தனை வருடம் என்று பிறகுதான் யோசித்தேன். கோயிலில் ஓதுகிற நேரமெல்லாம் நான் ஒலிவாங்கி இரைகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பூசை நேரத்தில் மூலஸ்தானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தை ஒதுக்கியிருக்கிறேன். பதினொரு வருடம் ஒருநாள் விடாமல் அவருடைய வீட்டுக்குப் போய், அவரோடு ஒரு வார்த்தை கதைக்காமல் திரும்பி வந்திருக்கிறேன்.

இது எனக்கு இருபத்தெட்டைவிடப் பெரிய அதிர்ச்சி.

பக்கத்துக் கட்டிலில் கொழும்புத்துறையைச் சேர்ந்த யேசுதாசன் கிடந்தார். கடற்றொழில் செய்கிறவர், என் வயதுதான். அவருக்கும் சீனி, காலில் ஆறாத புண். பின்னேரம் ஆறு மணிக்கு நெற்றியில் சிலுவை போடுவார், உதடு அசையும், கண்ணை மூடுவார். எல்லாம் சேர்த்துப் பத்து செக்கன் இராது. பிறகு அப்படி ஒரு அமைதி அந்த முகத்தில். எனக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டாம் நாள் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, உதுக்குள்ளை என்ன கேட்டு முடிக்கிறியள்?"

"ஒண்டும் கேக்கிறேல்லை. 'ஆண்டவரே, வந்திட்டன்' எண்டு சொல்லுறது."

"அவ்வளவுதானோ?"

"கடலாலை வந்து வள்ளத்தைக் கட்டின உடனை சொல்லிப் பழகினது. மீன் பட்டதோ படேல்லையோ, வந்தாச்சுத்தானே."

"இப்ப நீங்கள் கடலுக்குப் போகேல்லையே."

"ஓம். ஆனா மனம் நாள் முழுக்க எங்கையெல்லாம் போயிட்டு வருது, பாருங்கோ."

அதற்குப் பிறகு அவர் குறட்டை விட்டார். நான் அதைச் சொல்லிப் பார்த்தேன். முருகா, வந்திட்டன். உடனே களஞ்சிய அறை பூட்டியிருக்கிறதா என்ற யோசனை வந்தது. எனக்கு வரத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் சீனி கொஞ்சம் பிடித்து நின்றது. அன்று பார்வையாளர் நேரத்தில் கோயில் தலைவரும் சபையில் இரண்டுபேரும் வந்தார்கள். தோடம்பழமும் விபூதியும் கொண்டுவந்தார்கள். வழக்கமாக என்னோடு ஏறிவிழுந்து கதைக்கிற தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முருகன் உங்கடை வாயாலை சொல்லிப்போட்டார்" என்றார்.

"என்ன சொன்னவர்?"

"களைச்சுப் போனாராம். கொஞ்சம் இருக்க விடட்டாம். ஊர்ச்சனம் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிண்டது. நாங்கள் கூடிக் கதைச்சம். வசந்தமண்டபம் ஒழுகுது, சுவாமி நிம்மதியா இருக்க இடமில்லை, அதைத்தான் சொல்லியிருக்கிறார். தைக்கு முன்னம் புது மண்டபம் தொடங்கவேணும். நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு செய்யவேணும், செயலாளர். உங்களிலைதானே வந்து சொன்னவர்."

டொக்டர் இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாவோ தெரியாது. நான் செய்ததைச் சொல்கிறேன். என் வாய் "ஓம்" என்றது. யோசிக்கவே இல்லை. "ஓம், பாப்பம்" என்று, கையில் ஊசி குத்தியபடி, கல்லுக்கும் சீமெந்துக்கும் ஆள் பெயர் சொல்லத் தொடங்கிவிட்டேன். பத்மா கட்டில் கால்மாட்டில் நின்றாள். மெதுவாக வெளியே போய்விட்டாள்.

அவர்கள் போன பிறகு எங்கள் ஊர்ப் பொம்பிளை ஒருவர் வந்து, என் கட்டிலைத் தொட்டுக் கும்பிட்டு, மகனுக்கு விசா சரிவருமா என்று கேட்டா. எனக்குத் தெரியாது அக்கா என்றேன். நேரம் வரேல்லைப் போலை என்று சொல்லிவிட்டுப் போனா.

நாலாம் நாள் காலையில் கொழும்பில் வேலைசெய்கிற மகள் என்னோடு கதைக்கவேண்டும் என்றாள். பத்மா தன்னுடைய கைபேசியைத் தந்துவிட்டுச் சுடுதண்ணி எடுக்கப் போனாள். கதைத்து முடித்தபோது ஒரு செய்தி வந்து விழுந்தது. கனடாவில் இருக்கிற என் மச்சான் அனுப்பிய வீடியோ. "அத்தானுக்கு முருகன் வந்த காட்சி. நாங்கள் எல்லாரும் பார்த்துக் கும்பிட்டம்" என்று எழுதியிருந்தான்.

பார்க்காமல் விட்டிருக்கலாம். பார்த்தேன்.

மாலை போட்ட ஒருவன். முகம் என்னுடையது. கண் வெறுமையாக இருந்தது. உதறுகிற கையைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. தவில் அடித்தது. சனம் நெருக்கியது. யாரோ, "கேளுங்கோ, கேளுங்கோ, வாக்குச் சொல்லுறார்" என்றார்கள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னுக்கு வந்தாள். தலைக்குமேல் இரண்டு கையும் கூப்பியிருந்தாள். பத்மா. இருபத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவள், என் காலடியில் முழங்காலில் இருந்து, என்னைப் பார்த்து, அழுதுகொண்டு கேட்டாள்.

"முருகா, என்ரை மனுசனை எப்ப வீட்டுக்கு விடுவாய்?"

வீடியோவில் அந்த உதறுகிற மனிதன் குனிந்து அவளைப் பார்த்தான். பார்த்தானா என்று தெரியாது. வாய் குழறியது. ஆனால் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"களைச்சுப் போனன். ஏலாது. என்னைக் கொஞ்சம் இருக்க விடுங்கோ."

சனம் "அரோகரா" என்றது. பத்மா நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். அதற்குள் ஒரு சிவப்புத் துண்டு குறுக்கே பாய்ந்தது, வீடியோ ஆடி நின்றது.

மூன்றுமுறை பார்த்தேன். அது முருகனின் குரல் இல்லை. என்னுடைய குரல். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தபடி நான் ஒருநாளும் யாருக்கும் சொல்லாத வார்த்தைகள். மூளையில் சீனி இல்லாமல், பதவி இல்லாமல், சனம் என்ன சொல்லும் என்ற யோசனை இல்லாமல், அந்தக் கோயில் வாசலில் நான் உண்மையாகச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. வேறு என்ன சொல்ல, அதுதான் என் முதல் பிரார்த்தனை. நினைவிருந்து செய்யவில்லை, ஆனாலும் கேட்கப்பட்டிருந்தது. கேட்டபடியே முருகன் என்னை ஒரு கட்டிலில் இருத்தி, கையில் ஊசியும் ஏற்றி, எழும்ப முடியாமல் வைத்திருந்தார். நான் அந்தக் கட்டிலிலும் மண்டபத்துக்கு ஓம் சொல்லிவிட்டுக் கிடந்தேன்.

சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். யேசுதாசன் அண்ணை மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்மா வந்து, சீனி விழுந்துவிட்டதோ என்று மிஸியைக் கூப்பிட ஓடினாள். வீடியோவை நான் பார்த்ததாக அவளுக்குச் சொல்லவில்லை. அவள் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் முருகனிடம் கேட்டது அது.

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். முருகா, வந்திட்டன். களஞ்சிய அறை ஞாபகம் வந்தது. வரட்டும் என்று விட்டேன். பிறகும் சொன்னேன். ஒரு வெளிச்சமும் தெரியவில்லை, ஒரு குரலும் கேட்கவில்லை. இடுப்பு நாரியில் இருந்து ஏதோ ஒன்று இறங்கியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். கனகாலத்துக்குப் பிறகு மத்தியில் எழும்பாமல் தூங்கினேன். விரலில் குத்தியதுகூடத் தெரியவில்லை.

ஆறாம் நாள், போகலாம் என்று துண்டு எழுதி வீட்டுக்கு விட்டார்கள். அந்தக் குளிசை இனி இல்லை, வேறு மருந்து. விரதம் பிடிப்பதென்றால் முதலில் கிளினிக்கில் வந்து கேட்கவேண்டும். "போன சிறுநீரகம் திரும்பி வராது. இருக்கிறதை வைச்சுப் பாப்பம். நீங்களே வாங்கோ" என்றா டொக்டர். 'நீங்களே' என்பதை அழுத்திச் சொன்னா.

அடுத்த கிழமை சபைக் கூட்டம் கூடியது. திறப்புக் கோர்வையோடு போனேன். எழும்பி நின்று சொன்னேன்.

"அண்டைக்கு வந்தது முருகன் இல்லை. எனக்குச் சீனி விழுந்தது. களைச்சுப்போனன் எண்டு சொன்னது நான்தான். மண்டபம் கட்டிறதெண்டாக் கட்டுங்கோ, ஒழுகுது, கட்டத்தான் வேணும். ஆனா அவர் சொன்னவர் எண்டு சொல்லிக் கட்டாதேங்கோ. என்னை விட்டிடுங்கோ."

பிறகு தலைவர் மற்றவர்களைப் பார்த்து, "பாத்தியளோ, எவ்வளவு அடக்கம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் இன்னும் இரண்டுமுறை சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு நான் இன்னும் பெரிய ஆளாகிக்கொண்டு வந்தேன். கடைசியில் கோர்வையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசல்வரைக்கும் முதுகு கூசியது, கூப்பிடுவார்கள் என்று. கூப்பிட்டால் திரும்பிவிடுவேன் என்று எனக்கே பயம். கூப்பிடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானப் பூசைக்குப் பத்மாவும் நானும் போனோம். கோயிலில் பத்துப்பேர்கூட இல்லை. மேற்குச் சுவரோடு இருந்தேன், நிலத்தில். ஒலிவாங்கி இரைந்தது. உடம்பு எழும்பப் பார்த்தது. தொடையில் கையை ஊன்றி அமுக்கிக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது தானாக நின்றது, அல்லது எனக்குக் கேட்காமல் போனது. ஐயர் தீபம் காட்டியபோது முருகனின் முகத்தைப் பார்த்தேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு. ஒன்றும் கேட்கவில்லை. வந்திட்டன் என்று மட்டும் சொன்னேன்.

தேவாரத்தின் இரண்டாம் வரி வந்தது.

திரும்பும் வழியில் பத்மாவின் கைப்பைக்குள் என் கைபேசி அடித்தது. எடுத்து நீட்டினாள். நிற்பாட்டி உள்ளே வையும் என்றேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். வீட்டுப் படலையைத் திறந்து அவளை முன்னால் விட்டுவிட்டு, பின்னால் நானும் உள்ளே வந்து கொளுக்கியைப் போட்டேன்.

"பத்மா, அண்டைக்கு நீர் அவரிட்டை ஒண்டு கேட்டனீர்."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளிறியது. "ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை. பாத்தனான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முற்றத்தில் கோழி ஒன்று குறுக்கே போனது. நான் அவளுக்கு முன்னால் போய் நின்று சொன்னேன்.

"வந்திட்டன்."